தெருமுனைக் கடையா, தள்ளுபடி அங்காடியா? படப்பைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் மளிகைக் கணக்கு

பின்னணி

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டிச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குடியிருப்பில் நடந்தது இது. வீட்டில் ஐந்து பேர். கணவர் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மாமியாரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். மனைவி எங்கள் மகளிர் சுய உதவிக்குழுவில் உறுப்பினர். அந்தப் பகுதிக் குழுக்களின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன், பணக் கணக்கில் கை வைக்கவில்லை.

பல வருடங்களாக இவர்கள் மளிகை வாங்கியது தெருமுனை அண்ணாச்சி கடையில். எல்லாம் நோட்டில். சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கட்டிவிட்டு, மறுநாளே புதுப் பக்கம் தொடங்கும். அரிசி, பால், காய்கறி தவிர்த்து மாதம் சுமார் 7,400 ரூபாய் ஆகும். அரிசியைத் தனியாக அரிசி மண்டியில் மூட்டையாக எடுப்பார்கள். (அந்த மூட்டை இப்போது 26 கிலோ. 25 கிலோ வரையிலான அச்சிட்ட பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைகள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு அதைத் தாண்டிவிட்டன.) ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகும்.

பிறகு கணவரோடு வேலை செய்யும் ஒருவர், தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு பெரிய தள்ளுபடி அங்காடியைப் பற்றிச் சொன்னார். எதை எடுத்தாலும் எம்ஆர்பிக்குக் கீழே, மாதச் சாமானில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று பேச்சு. வீட்டிலிருந்து ஒரு வழிக்கு 17 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் குடும்பமாகப் போய்வரத் தொடங்கினார்கள். அண்ணாச்சியின் நோட்டை அடைத்துவிட்டார்கள்.

விஷயம் என்னிடம் வந்த விதம்

மளிகைப் பிரச்சினையாக வரவில்லை. தையல் மெஷினுக்காகக் குழுவில் வாங்கிய கடனுக்கு மாதம் 1,500 ரூபாய் தவணை. அதுவரை ஒழுங்காக விழுந்த தவணை இரண்டு மாதம் விழவில்லை. கூட்டத்தில் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு விசித்திரமாகப் பட்டது: “மளிகையில மிச்சம் பிடிச்சுத்தான் வர்றோம்க்கா. ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது.”

மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார். அடியில் பெரிய எழுத்தில் ‘நீங்கள் சேமித்த தொகை’ என்று 1,118 ரூபாய் அச்சாகியிருந்தது. அந்த எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். பில்லின் மொத்தத் தொகையைக் கேட்டால் திரும்பப் பார்த்துத்தான் சொன்னார்.

பில்லை விரித்துப் பார்த்தபோது

மூன்று மாதத்து அங்காடி பில்களும் அவரிடம் இருந்தன: 6,900, 7,650, 8,200 ரூபாய். நடு மாதத்து பில்லை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியாக மூன்று நிறப் பேனாவில் குறித்தோம். வீட்டிலிருந்து எழுதிப் போன லிஸ்ட்டில் இருந்தது நீலம். லிஸ்ட்டில் இல்லை, ஆனாலும் வீட்டுக்குத் தேவைதான் என்றால் பச்சை. அங்கே கண்ணில் பட்டதால் வந்தது சிவப்பு.

நீலம் 4,300 ரூபாய், பச்சை 1,150 ரூபாய், சிவப்பு 2,200 ரூபாய்.

சிவப்பில் ஆடம்பரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செட், ஒன்று வாங்கினால் ஒன்று இலவச பிஸ்கட், கணவருக்கு ஒரு டிஷர்ட், இரண்டு லிட்டர் தரை கழுவும் திரவம், ஒரு பெட்ஷீட். ஒவ்வொன்றும் அந்த விலைக்கு மலிவுதான். அண்ணாச்சி கடையில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டு வாங்குகிறோம். கேட்டால்தான் சாமான் வரும். அங்கே தள்ளுவண்டி கையில் இருக்கிறது, பிள்ளைகள் முன்னால் ஓடுகிறார்கள்.

அடுத்து, நீலத்தில் இருந்த சாமானை மட்டும் ஒரு தாளில் எழுதி, கைக்காசுக்கு என்ன விலை என்று அண்ணாச்சியிடமே கேட்டுவரச் சொன்னேன். போகத் தயங்கினார், நோட்டை அடைத்தபின் அந்தப் படியேறுவதில் ஒரு கூச்சம். மாமியார் போய்க் கேட்டு வந்தார். அதே சாமானுக்கு அண்ணாச்சி கடையில் 4,690 ரூபாய். அங்காடியில் உண்மையாகக் கிடைத்த லாபம் 390 ரூபாய், அதாவது எட்டு சதவீதத்தை ஒட்டி. பில் சொன்ன 1,118 ரூபாய் எம்ஆர்பியிலிருந்து கழித்தது. எம்ஆர்பிக்கு அண்ணாச்சியும் எல்லாச் சாமானையும் விற்பதில்லை.

அந்த 390-லும் 300 ரூபாய் சோப்பு, சலவைத்தூள், பேஸ்ட், டீத்தூள் வகையில் வந்தது. பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 90 ரூபாய்தான்.

எண்ணெயை மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தோம், ஏனென்றால் அவர் அதைத்தான் பெரிய லாபம் என்று நினைத்திருந்தார். அண்ணாச்சி கடையில் பாக்கெட் 148, அங்கே 122. பாக்கெட்டுக்கு 26 ரூபாய் மிச்சம் என்பது கணக்கு. காலி பாக்கெட் இரண்டையும் அடுப்படியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தோம். ஒன்று ஒரு லிட்டர், மற்றது 850 மில்லி. உயரம், அகலம், நிறம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அங்காடி எண்ணெய் சுமார் 143.50; வித்தியாசம் நாலரை ரூபாய். எண்ணெய் இன்ன அளவில்தான் வர வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2022-இல் எடுக்கப்பட்டதிலிருந்து இந்த மாதிரி அளவுகள் எல்லாக் கடையிலும் வருகின்றன, இந்த அங்காடியில் மட்டும் என்று சொல்ல முடியாது. அதற்கு ஈடாகத்தான் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அன்றுதான் அவர் அதை முதல்முறை பார்த்தார்.

ஷாம்பூ கதை இதற்கு நேர்மாறு. ‘பெரிய பாட்டில் வாங்கினால் மலிவு’ என்று 340 மில்லி பாட்டிலை 240 ரூபாய்க்கு வாங்கியிருந்தார்கள். மில்லி 70 பைசா. அண்ணாச்சி கடையில் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய் சாஷேயில் ஐந்து மில்லிக்கு மேல் இருக்கிறது, மில்லி 20 பைசாவுக்கும் குறைவு. ஷாம்பூவைச் சாஷேயில் போட்டு விற்கும் வழக்கத்தைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை மறந்துபோகிறோம். பாட்டிலில் இன்னொரு நஷ்டமும் உண்டு: தலைக்கு ஒரு சாஷே என்ற அளவு போய், பிள்ளைகள் கை கொண்ட மட்டும் கொட்டினார்கள்.

பயணச் செலவு: போய்வர 34 கிலோமீட்டர், பைக்குக்கு 76 ரூபாய் பெட்ரோல். பிள்ளைகளோடு வெளியே போனால் வெறும் வாயோடு திரும்ப முடியாது. பஃப்ஸ், ஜூஸ் என்று சராசரியாக 220. ஆக, 390 ரூபாய் லாபத்தில் கையில் நின்றது 94. மூன்றாவது மாதம் சாமான் பைக்கில் ஏறவில்லை. மனைவியும் பெண்ணும் மூட்டையோடு ஆட்டோவில் வந்தார்கள், அதற்கு 380. ஐப்பசி மழையில் ஐந்து கிலோ கோதுமை மாவில் பாதி வண்டு பிடித்துப் போனதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் அண்ணாச்சி கடைக்குப் போவதும் நிற்கவில்லை. தீர்ந்துபோனது, மறந்துபோனது, கறிவேப்பிலை, தீப்பெட்டி, பிள்ளைகள் கேட்கும் தின்பண்டம் என்று மாதம் 1,400 ரூபாய் அங்கே கைக்காசாகப் போயிருந்தது. எல்லாம் கூட்டினால் நடு மாதத்தில் மட்டும் 9,300 ரூபாயைத் தாண்டிவிட்டது. நோட்டுக் காலத்தில் 7,400.

அண்ணாச்சி கடையும் மலிவில்லை

இந்த இடத்தில் மாமியாருக்கு ஒரு திருப்தி. “நான் அப்பவே சொன்னேன்” என்றார். ஆனால் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால் அதுவும் அவ்வளவு நல்ல சேதி சொல்லவில்லை.

பாதி வரிகளில் சாமான் பெயரே இல்லை. ‘சாமான் 240’, ‘பையன் 35’ என்று மட்டும் இருந்தது. பையன் 35-க்கு என்ன வாங்கினான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. துவரம்பருப்பு கிலோ 160 என்றால் நூறு கிராம் 18. இவர்கள் மாதக் கடைசியில் நூறு நூறாகத்தான் வாங்கினார்கள், கிலோவுக்கு 20 ரூபாய் கூட. சில்லறைக்குப் பதில் மிட்டாய். நோட்டு கையில் இருந்தால் கூச்சமில்லாமல் வாங்கலாம் என்பதும் இருந்தது. அங்காடியில் தள்ளுவண்டி செய்ததை இங்கே நோட்டு செய்திருக்கிறது, அளவுதான் சிறியது.

சம்பளம் தள்ளிப்போன மாதம்

நாங்கள் இந்தக் கணக்கை முடிப்பதற்குள் ஆலையில் ஷிப்ட் குறைந்தது. ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இரண்டு வாரம் தள்ளிவிட்டார். அங்காடிக்குப் போகக் கையில் பணமில்லை. மனைவி அண்ணாச்சியிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

“அண்ணாச்சி, இந்த ஒரு மாசம் மட்டும் நோட்டுல எழுதிக்கோங்க.”

அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. “எழுதிக்கலாம்மா. ஆனா ஆயிரத்துக்கு மேல போக வேண்டாம்.”

முன்பு ஏழாயிரம் வரை எழுதியவர். காரணத்தை அவரே விளக்கினார். சோப்பு, பிஸ்கட் ஏஜென்ட் பழைய பில்லைக் கட்டினால்தான் புதுச் சரக்கை இறக்குகிறார். கோயம்பேடு உணவு தானிய வளாகத்திலிருந்து எடுக்கும் பருப்புக்கும் ஒரு வாரக் கெடுதான். நாற்பது வீட்டு நோட்டு அவரிடம் இருக்கிறது. போன வருடம் ஒரு வீடு 9,000 ரூபாய் பாக்கியோடு ராத்திரியில் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. “மாசச் சாமான் முழுக்க எடுக்கறவங்களுக்குத்தாம்மா என்னால தாங்க முடியும். தீப்பெட்டி வாங்கறவங்களுக்கு எப்படி எழுதறது?”

அது நியாயமான பேச்சு என்றே எனக்குப் பட்டது. கடன் கொடுப்பதற்கு அவருக்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவைச் சாமான் விலையில் பரப்பித்தான் எடுக்கிறார். 390 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு பங்கு அதுதான். நோட்டுக்காரருக்கும் கைக்காசுக்காரருக்கும் ஒரே விலை என்பதால், கைக்காசு கொடுப்பவர் தான் வாங்காத கடனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். இதை அண்ணாச்சியிடமே சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.

அந்த மாதத்தை அண்ணாச்சி நோட்டில் எழுதிய ஆயிரம் ரூபாயும் குழுவின் உள்கடனும் (குழு தன் பணத்திலிருந்தே உறுப்பினருக்குத் தரும் கடன்) கொண்டு சமாளித்தார்கள்.

ரேஷன் அட்டை

பணம் இல்லாத அந்த வாரத்தில்தான் மாமியார் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேச்செடுத்தார். அரிசியும் சர்க்கரையும் வாங்குகிறோம், பருப்பும் பாமாயிலும் வாங்குவதில்லை என்றார். ஏன் என்றால், அரிசி போடும் அன்று பருப்பு வந்திருக்காது. ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். மறுபடி போய் வரிசையில் நின்று கைரேகை வைக்க அலுப்பு. பாமாயில் பிடிக்காது என்று வேறு ஒரு காரணம்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியில் 160. ஒரு கிலோவில் 130 ரூபாய் மிச்சம், நடந்துபோகும் தூரத்தில். பதினேழு கிலோமீட்டர் போய் நாள் முழுக்கச் செலவழித்துக் கையில் நின்றது 94. பாமாயில் லிட்டர் 25. அப்பளம் பொரிக்க, வடை சுட அது போதும் என்று மாமியாரே ஒத்துக்கொண்டார். மூன்று மாதமாக இரண்டு கடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டில் மூன்றாவது கடை ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை.

எடுத்த முடிவுகள்

மனைவி, மாமியார், கணவர் மூவரும் பேசி முடிவு செய்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததோடு சரி.

பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய், மாவு வகையை அண்ணாச்சியிடமே வாங்குவது. ஆனால் சம்பளம் வந்ததும் மாத லிஸ்ட் முழுவதையும் கைக்காசுக்கு. லிஸ்ட்டை முதல்நாளே வாட்ஸப்பில் அனுப்பி விலை கேட்பது. அண்ணாச்சி பருப்பு வகைக்குக் கொஞ்சம் குறைத்துப் போட ஒத்துக்கொண்டார். சோப்பு, பேஸ்ட்டில் முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதில் அவருக்கு நிற்பதே பத்து சதவீதத்துக்குள்தானாம்.

ஆகவே சோப்பு, சலவைத்தூள், பேஸ்ட், டீத்தூள், நாப்கின் மட்டும் தள்ளுபடி அங்காடியில். கெட்டுப்போகாத சாமான் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். மனைவி தன் அக்காவோடு வார நாளில் பேருந்தில் போவது என்று முடிவு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு பையோடு வரலாம், அதற்கு மேல் தூக்க முடியாது. அது ஒரு நல்ல கட்டுப்பாடாகவும் அமைந்தது.

ரேஷன் பருப்பு, பாமாயில் மாமியார் பொறுப்பு. ஷாம்பூ சாஷேதான். பையன் கடைக்குப் போனால் வாங்கிய சாமானின் பெயரை எழுதி வர வேண்டும்.

கணவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஞாயிற்றுக்கிழமை வெளியே போவது நின்றுவிட்டதே என்றார். பிள்ளைகளுக்கும் அதே ஏக்கம். அதில் தவறில்லை, அந்தக் குடும்பத்துக்கு அங்காடிதான் ஏசி காற்று வாங்கும் இடமாக இருந்தது. மாதம் 400 ரூபாய் தனியாக ஒதுக்கி, எங்காவது போய்வருவது என்று வைத்துக்கொண்டார்கள். மளிகைக் கணக்கில் அது வராது.

அதற்குப் பின்

அடுத்த மூன்று மாதத்தின் சராசரி: அண்ணாச்சியிடம் மாத லிஸ்ட் 4,600, சில்லறைச் சாமான் 900, அங்காடிச் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 700, ரேஷனில் பருப்பு, பாமாயில், இரண்டு கிலோ சர்க்கரை சேர்த்து 105. மொத்தம் 6,305 ரூபாய். பழைய நோட்டுக் காலத்தைவிட 1,100 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான மிச்சம். தையல் மெஷின் தவணை மறுபடி ஒழுங்காக விழுகிறது.

எல்லாம் நேராக ஓடவில்லை. ஒரு மாதம் ரேஷனில் பருப்பு வரவே இல்லை. அண்ணாச்சி கொடுத்த உளுத்தம்பருப்பு ஒருமுறை பழையதாக இருந்தது. சண்டை போடாமல் மாற்றித் தந்தார், ஆனால் மூன்று நாள் கழித்து. சில்லறைச் சாமானை 900-க்குக் கீழே கொண்டுவர முடியவில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டுக் குழுவில் ஐந்து வீட்டார் சேர்ந்து புளியும் மிளகாயும் கோயம்பேட்டில் மொத்தமாக எடுத்தார்கள். விலையில் நல்ல லாபம்தான். பங்கு பிரித்தபோது ஒருவருக்குக் கொட்டை எடுக்காத புளி பிடிக்கவில்லை, ஒருவருக்குக் குண்டு மிளகாய்தான் வேண்டும். ஒரே முறையோடு நின்றுபோனது.

அடுத்த குடும்பத்தில் மாற்றிச் செய்வது

விலை ஒப்பீட்டை முதலில் எடுக்கப் போவதில்லை. ரேஷன் அட்டையில் வர வேண்டியது வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, பக்கத்துக் கடையில் கைக்காசுக்கு வேறு விலை உண்டா என்று வாய்விட்டுக் கேட்பது. பெரும்பாலானவர்கள் கேட்டதே இல்லை. அதன் பிறகு பில்லுக்கு மூன்று நிறம் போடலாம்.

பாக்கெட் விலையை விட்டு கிலோ விலை, லிட்டர் விலை பார்க்க ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். காலி பாக்கெட்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் போதும், பத்து நிமிட வேலை.

இந்தக் கணக்கை அப்படியே எல்லா வீட்டுக்கும் போட முடியாது. கைக்குழந்தை இருந்து மாதம் டயபர் வாங்கும் வீட்டில் தள்ளுபடி அங்காடியின் லாபம் பெரிதாகவே நிற்கும். அங்காடி மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தாலும், வேலைக்குப் போகும் வழியில் இருந்தாலும் விடை மாறும். மாதச் சம்பளம் இல்லாமல் தினக்கூலியில் ஓடும் வீட்டில் ‘மாத லிஸ்ட் கைக்காசுக்கு’ என்பது பேச்சுக்குக்கூட நடக்காது. அவர்களுக்கு நூறு கிராம் பருப்பும் நோட்டும்தான் வழி. குழுவின் உள்கடனை மாதத் தொடக்கத்தில் மளிகைக்கென்று கொடுத்து, வாரக் கூலியில் திருப்பி வாங்கலாமா என்று ஊராட்சி அளவில் இருக்கும் குழுக்களின் கூட்டமைப்பில் கேட்டிருக்கிறோம். இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.